பிரமாணம் செய்யாத போர்க் கைதி
(தியத்தலாவையில் சிறையிருந்த போயர் வீரர் எங்கல்பிரெக்டின் வரலாறு)

ஊவா நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றி எழுதுவர். காடு திருத்திக் காப்பி நட்டதையும், காப்பி அழிந்தபின் தேயிலை வந்ததையும் எழுதுவர். அத் தேயிலையோடு வந்து இம்மண்ணில் வேரூன்றிய நம் முன்னோரைப் பற்றியும் சிலர் எழுதுவர். இவையனைத்தும் எழுதப்படவேண்டியனவே. ஆயினும், ஏறக்குறைய இரண்டாண்டுக் காலம் இம்மலைகளின் நடுவே ஐயாயிரம் அந்நிய வீரர் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தனர் என்பதையும், அவர்களுள் ஒருவர் தம் ஊருக்கு என்றுமே திரும்பாமல் இவ்விலங்கை மண்ணிலேயே மடிந்தார் என்பதையும் நம் மாணவருள் அறிந்தோர் மிகச் சிலரே. அவர் பெயர் எங்கல்பிரெக்ட். யால வனத்தின் முதல் வேட்டைக் காவலர் என இலங்கை வனவிலங்கு வரலாற்றில் அவர் பெயர் நிலைபெற்றிருக்கிறது. அவரை யாலவுக்குக் கொண்டுசேர்த்த பாதை நம் தியத்தலாவை வழியாகச் சென்றமையால், இம்மலரில் அவர் வாழ்க்கையை நம்மவர் முன் வைத்தல் பொருத்தமென எண்ணினோம்.

போயர் என்போர் யார்?

தென்னாபிரிக்காவில் குடியேறிய ஒல்லாந்தர் முதலிய ஐரோப்பியரின் வழித்தோன்றல்களே போயர் எனப்படுவோர். அச்சொல்லுக்கு உழவர் என்பதே பொருள். ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட விரும்பாத அவர்கள் மாட்டு வண்டிகளில் உள்நாடு சென்று, திரான்சுவால், ஒரேஞ்சு சுயாதீன நாடு என இரு குடியரசுகளை அமைத்துக்கொண்டனர். 1886இல் திரான்சுவாலிலே பெருந்தங்கச் சுரங்கங்கள் வெளிப்பட்டன. பொன் கிடைத்த இடத்துக்குப் பகையும் வந்தது. 1899ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 11ஆம் நாள் போர் மூண்டது.

போயர் வீரரைப் பிற நாட்டுப் படைவீரரோடு ஒப்பிடுதல் இயலாது. அவர்க்குச் சீருடை இல்லை. பாசறைப் பயிற்சியும் இல்லை. சொந்தக் குதிரை மீதேறி, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அயலாரோடு சேர்ந்து போருக்குப் புறப்படுவது அவர் வழக்கம். தம் தலைவரைத் தாமே வாக்களித்துத் தெரிந்துகொள்வர். மந்தை மேய்த்தலும், வேட்டையாடலும், வெட்டவெளியில் உறங்கலும் அவர்க்கு இளமை முதற்கொண்டு பழகியவை. எங்கல்பிரெக்டும் இத்தகையோருள் ஒருவரே. காட்டு விலங்கின் தடம் பார்த்து அதன் போக்கை அறியும் கலை, பின்னாளில் அவர்க்குச் சோறு போட்டது.

எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. தமக்குச் சுதந்திரம் வேண்டி நின்ற அம்மக்கள், தம் நாட்டுக் கறுப்பின மக்களுக்கு அதனை வழங்கினாரல்லர். இந்தியரையும் இழிவாகவே நடத்தினர். திரான்சுவால் அரசு 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தால் ஆசியருக்குக் குடியுரிமையை மறுத்தது. ஒரேஞ்சு நாடோ தன் எல்லையிலிருந்த இந்திய வணிகரை அடியோடு வெளியேற்றியது. நேத்தாலில் அக்காலத்தில் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகள், தம் உள்ளத்து இரக்கம் போயர் பக்கமே இருந்தும், பிரித்தானியக் குடிமகன் என்ற கடமையை எண்ணி, ஏறக்குறைய 1,100 இந்தியரைத் திரட்டிக் காயமுற்ற ஆங்கில வீரரைச் சுமந்து செல்லும் படையொன்றை நடத்தினார். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாயிருந்த நம் தமிழரும் அப்படையில் இருந்தனர். ஆகவே போயர் வீரரைக் குற்றமற்ற தியாகியராக நாம் வரைந்து காட்டப்போவதில்லை. மனிதர் எவரும் முழு வெண்மையுமல்லர், முழுக் கருமையுமல்லர் என்பதை நினைவில் வைத்தே இவ்வரலாற்றைப் படித்தல் வேண்டும்.

சிறை புகுதல்

1900ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போயர் படைகள் பெருந்தோல்விகளைக் கண்டன. பெப்ரவரியில் தளபதி குரோஞ்சே தம் நாலாயிரம் வீரருடன் சரணடைந்தார். யூலை இறுதியில் தளபதி பிரின்சுலோவும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோருடன் ஆயுதம் வைத்தார். இத்தனை பேரையும் தென்னாபிரிக்காவிலேயே வைத்திருத்தல் ஆபத்தென அஞ்சிய ஆங்கில அரசு, கடல் கடந்த தீவுகளுக்கும் நாடுகளுக்கும் அவர்களை ஏற்றி அனுப்பியது. சென்ற் எலேனா, பேர்மியூடா, இலங்கை, இந்தியா ஆகிய இடங்கள் இதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. திருச்சிராப்பள்ளியிலும் நீலகிரியின் கேத்தியிலும்கூடப் போயர் கைதிகள் வைக்கப்பட்டிருந்தனர்.

இலங்கைக்குரிய முதற் கைதிகளை ஏற்றிய மோகாக்கு என்னுங் கப்பல் 1900ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 9ஆம் நாள் கொழும்பை அடைந்தது. சர் யோசப் வெஸ்ற் றிட்ஜ்வே அப்போது தேசாதிபதி. கைதிகளை வைப்பதற்குத் தியத்தலாவைப் புல்வெளி தெரிவுசெய்யப்பட்டது. காரணங்களைக் காண்பது எளிது. கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்விடம் ஐரோப்பிய உடலுக்கு ஏற்ற குளிர்ச்சி உடையது. பெயருக்கேற்ப நீர்வளமும் உடையது. புகையிரதப் பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டிவிட்டமையால் ஆளையும் பொருளையும் கொண்டுசேர்த்தல் எளிது. சுற்றிலும் மரமற்ற பத்தனை மலைகளாதலால் தப்பி ஓடுபவன் ஒளிவதற்கு இடமுமில்லை.

கொழும்பிலிருந்து 150 மைலுக்கு மேற்பட்ட அப்பயணத்தை நாமும் பலமுறை செய்திருக்கிறோம். பட்டிப்பொலையில் 6,200 அடி உயரத்தை எட்டிச் சுரங்கத்தைக் கடந்ததும், மறுபுறத்து மழையும் மூட்டமும் நீங்கி, ஊவாவின் மஞ்சட் புல்மலைகள் வெயிலில் விரிந்து கிடக்கக் காண்பதும் நமக்குப் பழகியதே. ஓகஸ்ட் மாதத்திலே வறண்ட காற்று இரவும் பகலும் வீசும். தேயிலைக் கொழுந்துக்கு மணங்கூட்டும் அக்காற்றே அக்கைதிகளை வரவேற்றது. தம் நாட்டு மேட்டுப் புல்வெளியை ஒத்த இக்காட்சி, கண்ணுக்கு ஆறுதலையும் நெஞ்சுக்கு ஏக்கத்தையும் ஒருங்கே தந்திருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாட்டையும் குறித்தல் தகும். அதே ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குதிரை வீரர், போயரோடு பொருதுவதற்குத் தென்னாபிரிக்கா சென்றிருந்தனர். அவர்களுட் பலர் தோட்டத் துரைமார். துரைமார் சிலர் போயர் நாட்டுக்குப் போக, போயர் வீரர் துரைமாரின் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தனர்.

முகாமில் ஒரு நாள்

தியத்தலாவை முகாம் தகரக் கொட்டகைகளாலானது. நீண்ட கொட்டகைகள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றி முட்கம்பி வேலி. வேலிக்கு வெளியே காவற் படையினர். இரவில் பகல்போல் எரியும் மின்விளக்குகள். ஊவாவின் சிற்றூர்கள் மண்ணெண்ணெய் விளக்கையும் சிக்கனமாக எரித்த அந்நாளில், அவ்வொளி சுற்றுமலைகளின் தோட்டங்களில் இருந்தோர்க்கு ஒரு புதுமையாகவே இருந்திருக்கும்.

குளிர் அக்கைதிகட்குப் புதிதன்று. அவர்கள் நாட்டு மேட்டு நிலத்தில் யூன், யூலை மாதங்களில் உறைபனி விழும். ஆனால் அங்கே குளிர்காலம் வறண்டது, வானம் தெளிந்தது. இங்கோ ஒக்டோபர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை நாட்கணக்காகப் பொழியும்; மூடுபனி வாசல் வரை வரும்; துணி உலராது; தகரக் கூரை பகல் வெயிலில் தகித்து, மார்கழி இரவில் பனிக்கட்டிபோற் சில்லிடும். வெட்டவெளியில் நெருப்பைச் சுற்றி உறங்கிப் பழகிய உடல்களுக்கு ஒரே கூரையின் கீழ்ப் பலரோடு நெருங்கிக் கிடக்கும் வாழ்வு ஒவ்வாததாயிற்று. வந்து சில மாதங்களுக்குள் குடற்காய்ச்சல் பரவிற்று. போர்க்களத்துக் குண்டுக்குத் தப்பி வந்தோர் நோய்ப்படுக்கையில் மாண்டனர். சிறையிருந்த காலமெல்லாம் சேர்த்து, நூற்றுக்கு மேற்பட்டோர் தியத்தலாவை மண்ணிற் புதைந்தனர்.

விடிந்ததும் பெயர் கூப்பிடுதல் நடைபெறும். அணிவகுத்து நின்று, எண்ணப்பட்டு, கலைவர். பின்னர் பங்கீட்டு உணவைப் பெற்று, கொட்டகை கொட்டகையாகச் சமைத்துக்கொள்வர். துணி துவைத்தல், இடம் பெருக்குதல், விறகு பிளத்தல் முதலியன தம்முள் முறைவைத்துச் செய்யப்பட்டன. இவ்வளவும் முடிந்தபின் ஒரு முழுப் பகல் எஞ்சியிருக்கும். சிறையிருப்போரின் பெரும்பகை காவலாளனல்லன்; அந்த எஞ்சிய பகலே.

அப்பகலை அவர்கள் வென்ற விதம் நம் மாணவர் கருத்திற் பதிய வேண்டியது. கைத்தொழில் அறிந்தோர் மரத்திலும் எலும்பிலும் புகைக்குழாய், கைத்தடி, சிறு பேழை முதலியவற்றைச் செதுக்கினர். காண வருவோர் அவற்றை விலை கொடுத்து வாங்கினர். இன்றும் பல நாடுகளின் அரும்பொருட் சாலைகளில் அவை காணக் கிடைக்கின்றன. கற்றவர் கல்லாதார்க்குப் பள்ளி நடத்தினர். பேரன் வயதினரும் பாட்டன் வயதினரும் ஒருங்கே கைதிகளாயிருந்த அம்முகாமில் மாணவர்க்குக் குறைவில்லை. கையெழுத்துப் பத்திரிகைகள் தோன்றின. அவற்றுள் ஒன்றுக்கு முட்கம்பி என்றே பெயரிட்டிருந்தனர். தம்மைச் சூழ்ந்த வேலியையே தம் ஏட்டின் பெயராக்கி நகைத்த உள்ளம் எளிதில் முறியக்கூடியதன்று.

விளையாட்டும் ஓங்கிற்று. 1901ஆம் ஆண்டு யூலை மாதம் கைதிகளின் கிரிக்கற் குழுவொன்று கொழும்புக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கோல்ற்சு கழகத்தோடு பொருதித் தோற்றது. கைதிகளும் இலங்கையரும் ஒரே ஆடுகளத்திற் சமமாக நின்ற நிகழ்ச்சியென்பதால், வெற்றி தோல்வியினும் அது பெரிது. அந்தி சாய்ந்ததும் கொட்டகைகளிலிருந்து சங்கீதப் பாடல்கள் எழும். கைதியாக வந்த தளபதிகளுள் ஒருவரான பவுல் றூக்ஸ் போருக்கு முன் சமயகுருவாயிருந்தவர். வாளை இழந்தபின் அவர் மீண்டும் மறைநூலைக் கையிலெடுத்தார்.

தப்புதற்கு முயன்றோரும் உண்டு. 1901ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலிலிருந்து ஐவர் நள்ளிரவில் கடலிற் குதித்து நீந்தி, ருசியக் கப்பலொன்றை அடைந்து, ஐரோப்பாவைச் சுற்றித் தாய்நாடு திரும்பி மீண்டும் போரிற் கலந்தனர். தியத்தலாவையிலிருந்தோர்க்கு அத்தகைய வாய்ப்பு அரிது. மலையைத் தாண்டினாலும் சுற்றிலும் கடல்.

இம்முகாமின் நாளை அக்காலத் தோட்டத்து நாளோடு ஒப்பிடாமல் நம்மால் அப்பாற் செல்ல இயலவில்லை. விடியற்காலையில் தப்பொலி எழும். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். தகரக் கூரை வேய்ந்த லயத்திலிருந்து கம்பளியைத் தலையிற் போட்டுக்கொண்டு மலையேறுவர் நம் மூதாதையர். ஒரே மூடுபனியில், ஒரே நாழிகையில், ஒரு மலையில் போயர் வீரரும் மறுமலையில் தமிழ்த் தொழிலாளரும் தத்தம் பெயருக்கு விடையளித்து நின்றனர். போயரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் முட்கம்பி இருந்தது. நம்மவரைச் சுற்றித் துண்டு என்னுங் கடன்சீட்டு இருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அது அறுபடவில்லை. போயர் கைதிக்குப் போர் முடிந்தால் வீடு உண்டு என்ற நம்பிக்கையாவது இருந்தது.

வீட்டிலிருந்து வந்த செய்தி

அந்நம்பிக்கையையும் 1901ஆம் ஆண்டு குலைத்தது. எஞ்சிய போயர் படைகள் மறைந்திருந்து தாக்கும் முறையை மேற்கொள்ளவே, ஆங்கிலத் தளபதிகள் பண்ணை வீடுகளை எரித்து, பெண்டிரையும் பிள்ளைகளையும் தடுப்பு முகாம்களில் அடைத்தனர். உணவின்மையாலும் நோயாலும் அங்கே 26,000க்கு மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தனர். வேறாக அமைந்த முகாம்களிற் கறுப்பின மக்கள் குறைந்தது 14,000 பேர் இறந்தனர். எமிலி ஒப்கவுஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி நேரிற் கண்டு வெளியிட்ட அறிக்கையால் உலகம் இதனை அறிந்தது. தணிக்கை செய்யப்பட்ட கடிதங்கள் வழியாக, மனைவி இறந்த செய்தியையும் மகவு இறந்த செய்தியையும் தியத்தலாவைக் கொட்டகையிலிருந்து படித்தோர் பலர். அடுத்து நிகழ்ந்ததை விளங்கிக்கொள்வதற்கு இதனை மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

ஒரு கையெழுத்து

1902ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் சமாதானம் கையெழுத்தாயிற்று. இரு குடியரசுகளும் மறைந்தன. கைதிகள் வீடு திரும்பலாம். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஏழாம் எட்வேட் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஒப்பமிட வேண்டும். ஒரு கையெழுத்து, அவ்வளவே. பெரும்பாலோர் மனம் நொந்தும் ஒப்பமிட்டனர். அவர்களைக் கோழையர் என்றல் தகாது. எரிந்த வீட்டை மீண்டும் கட்டவும், எஞ்சிய பிள்ளைகளைத் தேடவும் அவர்கள் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் கப்பல் கப்பலாக அவர்கள் சென்றனர்; தியத்தலாவைக் கொட்டகைகள் வெறுமையாயின.

ஒப்பமிட மறுத்தோர் மிகச் சிலர். நாளடைவில் அவர்களும் ஒவ்வொருவராக இணங்கினர். எங்கல்பிரெக்ட் மட்டும் இணங்கவே இல்லை. தாம் சேவித்த குடியரசு உலகப்படத்திலிருந்து அழிந்துவிட்டது. அதனை அழித்த மன்னரைத் தம் மன்னரென ஏற்க அவர் நா எழவில்லை. ஆகவே அவர்க்குத் தாய்நாடு மூடிற்று. இலங்கையோ அவர் நாடன்று. எந்நாட்டின் குடிமகனும் அல்லாத மனிதராக அவர் தென்கரையிலே, அம்பாந்தோட்டையில் தங்கினார். போர்க்காலத்தில் வாக்குறுதி அளித்த கைதிகளுக்கென ஒரு முகாம் அமைந்திருந்த ஊர் அது. தியத்தலாவையின் குளிரிலிருந்து உப்பளங்களின் வெம்மைக்கு இறங்கிய அவர், வறுமையோடு பல நாள் போராடினார்.

யாலவின் காவலர்

அந்நாளில் யாலப் பகுதி வேட்டைக்காரரின் கைவரிசையால் விலங்கு குன்றி வந்தது. 1900ஆம் ஆண்டளவில் அரசினர் அதனைப் புகலிடமாக ஒதுக்கினர். ஒதுக்கிய காட்டைக் காப்பதற்கு ஆள் வேண்டுமன்றோ? தடம் பார்க்கத் தெரிந்தவர், தனிமைக்கு அஞ்சாதவர், குறி தவறாதவர் என்ற மூன்று தகுதியும் உடைய எங்கல்பிரெக்ட் அப்பணிக்கு அமர்த்தப்பட்டார். பிரித்தானிய மன்னருக்குப் பிரமாணம் செய்ய மறுத்தவர் பிரித்தானிய அரசின் காட்டையே காக்கும் வேலையை ஏற்றார். இதில் முரண் காண்போர் காணலாம். நாம் காண்பது வேறு. நாவாற் சொல்லும் பிரமாணம் வேறு, கையாற் செய்யும் கடமை வேறு என அவர் கொண்டார் போலும். முன்னதை அவர் இறுதிவரை கொடுக்கவில்லை. பின்னதிற் குறை வைக்கவுமில்லை.

அவர் காத்த காடு நமக்கு அந்நியமானதன்று. நம் நமுனுகுலை மலைத்தொடரிற் பிறந்து, கதிர்காமத்தில் முருகன் சந்நிதியைத் தொட்டு, யாலவினூடே கடலிற் சேர்வது மாணிக்க கங்கை. கிழக்குக் கரையிலிருந்து கால்நடையாக வரும் கதிர்காம யாத்திரிகர் கும்புக்கன் ஆற்றைக் கடந்து நடப்பதும் அக்காட்டிலேதான். யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் அவ்வழியில், அரோகரா முழக்கத்தோடு சென்ற நம் முன்னோருட் சிலர், தாடியும் துப்பாக்கியுமாக நின்ற அவ்வெள்ளைக்காரரைக் கண்டிருத்தலும் கூடும்.

1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் லெனாட் உல்ப். இக்காட்டுப் புறத்தின் ஏழைக் குடிகளைப் பற்றி அவர் எழுதி 1913இல் வெளிவந்த நவீனம் உலகப் புகழ் பெற்றது. எங்கல்பிரெக்ட் அவரின் கீழ்ப் பணியாற்றினார். உல்ப் தம் இலங்கை வாழ்க்கையைப் பற்றிப் பின்னாளில் எழுதிய நூலிலும் இவரைக் குறிப்பிட்டிருக்கிறார். பேரரசின் ஊழியராக வந்து பேரரசையே வெறுக்கத் தொடங்கிய உல்பும், பேரரசுக்குத் தலைவணங்காத எங்கல்பிரெக்டும் ஒரே காட்டின் நலனுக்காக உழைத்தது நினைக்கத்தக்கது. காவற் பணி எவர்க்கும் நண்பரைத் தேடித் தருவதன்று. புகலிடத்துள் துப்பாக்கியோடு புகுந்தோர்க்கு அவர் பகையானார். அப்பகை அவரைத் தொடர்ந்தது.

எம்டன் பழி

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. செர்மானியரின் எம்டன் என்னும் போர்க்கப்பல் வங்கக் கடலிற் புகுந்து, செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்தது. பின்னர் இலங்கைக் கரையை ஒட்டிச் சென்று வணிகக் கப்பல்கள் சிலவற்றை மூழ்கடித்தது. அதன் தந்திரத்தைக் கேட்டு மக்கள் வியந்தனர். கைதேர்ந்த சூழ்ச்சிக்காரனை எம்டன் என அழைக்கும் வழக்கு நம் பேச்சுத் தமிழில் அன்று தோன்றி இன்றும் நிற்கிறது.

எம்டனுக்கு இறைச்சி கொடுத்தவர் யார் என ஊரெங்கும் பேச்செழுந்தது. கரையோரக் காட்டிலே தனித்திருப்பவர், துப்பாக்கி வைத்திருப்பவர், மன்னருக்குப் பிரமாணம் செய்யாதவர். வேறென்ன சான்று வேண்டும்? எங்கல்பிரெக்ட் பிடிக்கப்பட்டுக் கண்டியிற் சிறைவைக்கப்பட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆதலால் விடுதலை பெற்றார். எம்டன் கப்பலின் தலைவரே பின்னாளில் அவ்வாறொன்று நிகழவில்லையெனத் தெரிவித்தார் என்றும் கூறப்படுவதுண்டு. ஆயினும் பழி வந்த வேகத்தில் போவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் இடாத ஒப்பமொன்றே அவர்க்கெதிரான சாட்சியாக நின்றது. தாம் கொண்ட உறுதிக்கு அவர் இருமுறை விலை கொடுத்தார்: ஒருமுறை தாய்நாட்டை; மறுமுறை நற்பெயரை.

1922ஆம் ஆண்டு அவர் காலமானார். தென்னாபிரிக்காவை அவர் மீண்டுங் கண்டிலர். இறுதிவரை பிரமாணஞ் செய்திலர்.

நாம் எண்ண வேண்டியது

எங்கல்பிரெக்ட் போரிற் பெருவெற்றி பெற்றவரல்லர், நூல் இயற்றியவரல்லர், பெருஞ்செல்வம் வைத்து மாய்ந்தவருமல்லர். அவர் கொள்கையின் எல்லாக் கூறும் நமக்கு உடன்பாடும் அன்று. அவர் இழந்த குடியரசில் நம்மவர்க்கு இடமிருந்ததில்லை. பின் எதற்காக அவரை நினைக்கிறோம்?

நாடு என்பது ஒரு தாளில் அடங்குவதா என்ற வினாவை அவர் வாழ்க்கை எழுப்புகிறது. அவ்வினாவை மலையகத் தமிழரைப் போல நெருங்கி அறிந்தோர் இலங்கையில் எவருமிலர். எங்கல்பிரெக்ட் காலமாகி இருபத்தாறு ஆண்டுகளின் பின், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பிற்காலத்துக்கு ஒத்திவைத்தது. இவ்வழக்கு முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்ல வேண்டியதாயிற்று. நம் பழைய மாணவருள் எத்தனை பேரின் பெற்றோர், விண்ணப்பப் பத்திரத்தைக் கையிற் பிடித்துக் கச்சேரி வாசலிற் காத்து நின்றனர்! எத்தனை குடும்பங்கள் பதுளை நிலையத்தில் அழுது பிரிந்து, தலைமன்னார்க் கப்பலேறின!

எங்கல்பிரெக்டுக்கு ஒரு தாள் நீட்டப்பட்டது. அவர் ஒப்பமிட மறுத்தார். நம்மவர் ஒப்பமிடக் காத்திருந்தனர். அவர்க்குத் தாள் மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடே. ஆனால் இருசாராரும் ஓர் உண்மையைத் தம் வாழ்வால் நிறுவினர். தாள் இல்லாத நாளிலும் எங்கல்பிரெக்ட் இந்நாட்டின் காட்டைக் காத்தார். தாள் இல்லாத நாளிலும் நம்மவர் இந்நாட்டின் தேயிலையைக் கிள்ளினர். பிரமாணத்தைக் கேட்டுப் பெறுவது அரசுக்கு எளிது. உழைப்பைக் கண்டு மதிப்பதே கடினம். எங்கல்பிரெக்டைச் சிறையிட்டோர், அவர் யாலவில் ஆற்றிய பணியைப் பார்த்திருந்தால், அவர் இடாத ஒப்பத்தைத் தேடியிருக்க மாட்டார்.

தியத்தலாவை அதன்பின்னும் படைமுகாமாகவே நிலைத்தது. முதல் உலகப் போரிலும் இரண்டாம் உலகப் போரிலும் செர்மானியர் அங்கே தடுத்துவைக்கப்பட்டனர். செர்மனியிற் பிறந்து பௌத்த துறவியான ஞானதிலோக தேரரும் இருமுறை அம்முகாமைக் கண்டார். இன்று இலங்கைத் தரைப்படையின் இளம் அதிகாரிகள் பயிற்சி பெறும் இராணுவக் கழகம் அங்குள்ளது. 1901ஆம் ஆண்டில் ஊவாவை எட்டிப்பார்த்த அம்மார்கழிக் குளிரும் மூடுபனியும் மாறவில்லை. போயர் வீரரின் கல்லறைகளும் அவர்தம் நினைவுத் தூணும் அவ்விடத்தே உள்ளன. யாலவோ 1938இல் தேசிய வனமாகி, உலகெங்குமிருந்து மக்களை ஈர்க்கிறது.

நம் மாணவர் புகையிரதத்தில் தியத்தலாவையைக் கடக்கும்போதும், பெற்றோருடன் கதிர்காமம் செல்லும்போதும், இவ்வரலாற்றை நினைவு கூர்வாராக. ஒருவர் எந்நாட்டவர் என்று கேட்கத் தோன்றும் வேளையில், அவர் இந்நாட்டுக்கு என்ன செய்தார் என்பதையும் சேர்த்துக் கேட்கும் நல்லறிவு நம் கல்லூரியிற் பயின்றோர்க்கு வாய்ப்பதாக. அதுவே இம்மலைகளில் அயலாராக வந்து, உழைத்து, இம்மண்ணிலேயே உறங்கும் அனைவர்க்கும் நாம் செலுத்தக்கூடிய தகுந்த வணக்கமாகும்.